அறிவியல், கணித ஆசிரியர் நிதி: ஆள் சேர்க்கவா, சேர்ந்தவரை நிறுத்திவைக்கவா?

கரும்பலகை எழுதியது:

வணக்கம். ஒரு சிறிய கல்வி அறக்கட்டளையின் குழுவில் நானும் ஒருத்தி. ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு தொகையை ஒதுக்கியிருக்கிறோம். உயர் வகுப்புகளுக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் நடத்த நல்ல ஆசிரியர்கள் வரவேண்டும் என்பதுதான் நோக்கம்.

வரைவு என் மேஜைமேல் இருக்கிறது. பணத்தில் பத்துக்கு எட்டுப் பங்கு உதவித்தொகை. பட்டதாரிகளின் ஆசிரியப் படிப்புக்கு நாங்கள் கட்டணம் கட்டுவோம். படிப்பு முடிந்ததும் அவர்கள் நான்கு ஆண்டு பள்ளியில் பாடம் நடத்த வேண்டும், தவறினால் முழுத்தொகையையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். மீதி இரண்டு பங்கு, ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கு விடுமுறையில் இரண்டு நாள் பயிலரங்கு.

பார்க்க ஒழுங்காகத்தான் தெரிகிறது. ஆனால் கையெழுத்துப் போட மனசு வரவில்லை. ஏனென்று குழுவில் கேட்டால் சொல்லவும் தெரியவில்லை. ஆசிரியராக இருப்பவர்கள், இருந்து விட்டுப் போனவர்கள், கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள், யாராக இருந்தாலும் ஓட்டை எங்கே என்று காட்டுங்கள்.

---

பாதியில்_விட்டவன் எழுதியது:

நீங்கள் தேடும் ஓட்டை வழியாக வெளியே விழுந்தவன் நான்.

இயற்பியல் முதுகலை. இதே மாதிரி ஓர் உதவித்தொகையில்தான் ஆசிரியப் படிப்பு முடித்தேன். முதல் வேலையில் வாரத்துக்கு 32 பாடவேளை. யாரும் வாங்க விரும்பாத வகுப்புகள் எல்லாம் புதியவன் தலையில். ஆய்வகப் பொறுப்பும் என்னுடையதே, உதவியாளர் கிடையாது. செய்முறை வகுப்புக்கு முந்தின மாலை உட்கார்ந்து நானே மின்கம்பிகளைப் பொறுக்கி, வேலை செய்யும் அம்மீட்டர் எது, செத்தது எது என்று பிரித்து வைப்பேன். மூன்றாம் ஆண்டு முடிவில் மென்பொருள் வேலைக்குப் போய்விட்டேன்.

சம்பளம் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அதைவிட உறுத்தியது வேறு. அந்த மூன்று ஆண்டில் என் வகுப்பில் உட்கார்ந்து "இந்த இடத்தில் பையன்கள் தொலைந்துவிட்டார்கள், இப்படிச் சொல்லிப் பார்" என்று ஒருவரும் சொன்னதில்லை. ஒரே ஒருமுறை ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். அவர் பார்த்தது வருகைப் பதிவேட்டை.

என்னைச் சேர்க்கச் செலவழித்த பணம் மொத்தமும் வீண். என்னைத் தக்கவைக்க ஒரு காசு செலவாகவில்லை.

---

செலவுக்கணக்கு எழுதியது:

கரும்பலகை மேடம், உங்கள் வரைவில் உறுத்தவேண்டிய இடம் இரண்டு.

முதலாவதை மேலே உள்ள நண்பர் தன் கதையாகவே சொல்லிவிட்டார். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ரிச்சர்ட் இங்கர்சால், தானும் முன்பு பள்ளி ஆசிரியராக இருந்தவர், அந்த நாட்டின் ஆசிரியர் கணக்கெடுப்புத் தரவை வைத்து 2001இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஆசிரியர் காலியிடங்கள் பெருக ஓய்வுபெறுவோரைவிட, ஓய்வு வயதுக்கு வெகு முன்பே கிளம்பிவிடுபவர்களே பெரிய காரணம் என்று அதில் காட்டினார். எத்தனை பேரைப் பயிற்றுவித்து உள்ளே தள்ளினாலும் மறுவாசல் வழியாக அவர்கள் போய்க்கொண்டே இருந்தால் காலியிடம் குறையாது.

2011இல் ஒபாமா பத்தாண்டில் ஒரு லட்சம் அறிவியல், தொழில்நுட்ப, பொறியியல், கணித ஆசிரியர்களை உருவாக்க வேண்டும் என்றார். அதற்கென்றே பல அமைப்புகள் சேர்ந்து ஒரு கூட்டணி ஆரம்பித்தன. 2021இல் இலக்கைத் தாண்டிவிட்டதாக அறிவித்தார்கள். பெரிய சாதனைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கு "பயிற்றுவிக்கப்பட்டவர்கள்" கணக்கு. எத்தனை பேர் இன்னும் வகுப்பில் நிற்கிறார்கள் என்பது வேறு கேள்வி. உங்கள் வரைவிலும் முதல் எண் மட்டும்தான் அளக்கப்படும்.

இரண்டாவது உறுத்தல் அந்த ஒப்பந்தம். இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். 1957 அக்டோபரில் சோவியத் யூனியன் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதும் அமெரிக்கா ஆடிப்போய், அடுத்த ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் மாணவர் கடன் உண்டு. கடன் வாங்கியவர் பள்ளி ஆசிரியரானால் ஆண்டுக்கு 10 சதவீதம் வீதம், ஐந்தாண்டில் பாதி வரை தள்ளுபடி. ஒருவர் மூன்று ஆண்டு நடத்திவிட்டு விலகினால் அந்த மூன்று ஆண்டுக்கான தள்ளுபடி அவரிடமே நிற்கும். உழைத்த அளவுக்குக் கூலி.

2007இல் அதே நாட்டில் வந்த "டீச்" மானியம் இதற்கு நேர் எதிர். ஆண்டுக்கு 4,000 டாலர் வரை கொடுப்பார்கள். படிப்பு முடிந்து எட்டு ஆண்டுக்குள், வசதி குறைந்த பள்ளியில், பற்றாக்குறைப் பாடத்தில் நான்கு ஆண்டு நடத்த வேண்டும். தவறினால் மானியம் மொத்தமும் கடனாக மாறும், வட்டியும் பணம் கொடுத்த நாளிலிருந்தே ஓடும். போதாததற்கு ஆண்டுதோறும் சான்றுப் படிவம் வேறு. ஒழுங்காகப் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோர் படிவம் தாமதமாகப் போனதற்காகவும், ஏதோ ஒரு கட்டம் நிரப்பாமல் விட்டதற்காகவும் கடனாளி ஆனார்கள். 2018இல் அது பெரிய செய்தியான பிறகுதான் திருத்திக்கொள்ள வழி திறந்தார்கள்.

உங்கள் வரைவில் "முழுத்தொகையையும் வட்டியோடு" என்று ஒரு வரி இருக்கிறதே, அது இரண்டாவது வகை.

---

சாய்ந்த_கோபுரம் எழுதியது:

அதுவும் நாலு ஆண்டு கட்டாயத்துக்கு நின்றவர் ஐந்தாம் ஆண்டு முதல் நாளே ஓடிவிடுவார். கைதியை விடுதலை செய்த மாதிரி.

---

ஐந்திணை எழுதியது:

நான் மொழி ஆசிரியை. இந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று தெரியும், அதனால் முன்கூட்டியே கேட்டுவிடுகிறேன். கணக்கு வாத்தியாருக்கு மட்டும் ஊக்கத்தொகை, இயற்பியல் வாத்தியாருக்கு மட்டும் கூடுதல் சம்பளம் என்று ஆரம்பிப்பீர்கள். அதே பள்ளியில், அதே பாடவேளை எண்ணிக்கையில், கட்டுக்கட்டாகக் கட்டுரை திருத்துகிறவர்கள் நாங்கள். கணக்கு விடைத்தாளில் சரி, தப்பு போட்டுப் போய்விடலாம். எங்களுக்கு ஒவ்வொரு வரியையும் படித்தாக வேண்டும்.

ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலிக்காரருக்கு மட்டும் தனியாக ஒரு உறை வருகிறது என்றால் அந்த அறை என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?

---

செலவுக்கணக்கு எழுதியது:

ஐந்திணை டீச்சர், உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் ஆதாரத்தை மறைக்க முடியாது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் 2001 முதல் 2004 வரை, வசதி குறைந்த, பின்தங்கிய பள்ளிகளில் கணிதம், அறிவியல், சிறப்புக் கல்வி நடத்துபவர்களுக்கு ஆண்டுக்கு 1,800 டாலர் கூடுதலாகக் கொடுத்தது. விலகுவோர் விகிதம் சுமார் 17 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் யாருக்குத் தகுதி என்பது ஆசிரியர்கள் பலருக்குச் சரியாகப் புரியவே இல்லை என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். புரிந்திருந்தால் இன்னும் வேலை செய்திருக்குமோ என்னவோ. மூன்றே ஆண்டில் திட்டத்தை மூடிவிட்டார்கள்.

இங்கிலாந்தில் பணியின் முதல் சில ஆண்டுகளில் இருக்கும் கணித, இயற்பியல் ஆசிரியர்களுக்குக் குறிப்பிட்ட பகுதிகளில் ஆண்டுக்கு 2,000 பவுண்டு கொடுத்துப் பார்த்தார்கள். தொகை கிடைத்த ஆண்டுகளில் அவர்கள் பணியை விட்டுப்போகும் வாய்ப்பு 23 சதவீதம் குறைந்ததாக ஆய்வு சொல்கிறது.

இதே இங்கிலாந்தில் நுழைவாசலில் கொட்டிய பணத்தைப் பாருங்கள். 2022–23இல் இயற்பியல் ஆசிரியப் பயிற்சிக்கு 24,000 பவுண்டு வரி இல்லாத உதவித்தொகை. சேர்ந்தவர்கள் இலக்கில் 17 சதவீதம். நூறு பேர் வேண்டிய இடத்தில் பதினேழு பேர். இயற்பியல் படித்தவர்களே குறைவு, அவர்களைக் கூப்பிட வேறு இடங்கள் நிறைய. வாசலில் தொகையை உயர்த்திக்கொண்டே போவதற்கு ஓர் எல்லை உண்டு.

---

ஐந்திணை எழுதியது:

சரி, 17 சதவீதத்தையும் 23 சதவீதத்தையும் ஒப்புக்கொள்கிறேன். என் கேள்விக்கு அது பதில் இல்லையே. பணியில் நின்றார்கள். பக்கத்து நாற்காலிக்காரரோடு பேசினார்களா என்று யாராவது அளந்தார்களா?

என் யோசனை இது. பாடத்துக்குப் பாடம் உறை கொடுப்பதற்குப் பதில், அந்தப் பாடத்துக்கு மட்டும் உள்ள சுமையை இறக்குங்கள். ஆய்வக உதவியாளருக்குச் சம்பளம் கொடுங்கள். செத்த அம்மீட்டரை மாற்றுங்கள். அதில் எனக்குப் பொறாமை வராது, எனக்கு ஆய்வகமே கிடையாது.

---

பாதியில்_விட்டவன் எழுதியது:

> ஆய்வக உதவியாளருக்குச் சம்பளம் கொடுங்கள்.

அன்றைக்கு இது ஒன்று கிடைத்திருந்தால் இன்னும் இரண்டு ஆண்டாவது இருந்திருப்பேன் டீச்சர். மிகைப்படுத்தவில்லை.

---

முக்காலே_அரைக்கால் எழுதியது:

எல்லோரும் ஆள் சேர்ப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். பயிற்சிக்கென்று வைத்த அந்த இரண்டு பங்கை யாரும் தொடவில்லை. நான் முப்பது ஆண்டு கணக்கு நடத்தியவள், அதில் கடைசிப் பத்து ஆண்டு பயிற்சியும் கொடுத்தேன். என் புனைபெயருக்கு அர்த்தம் கேட்பவர்களுக்கும் இதுவே பதில்.

ஒரு பயிற்சியில் முப்பது கணக்கு ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "ஒன்றே முக்காலை அரையால் வகுத்தால் என்ன?" என்று கேட்டேன். அரை நிமிடம் ஆகவில்லை, எல்லோரும் மூன்றரை என்றார்கள். தலைகீழாக்கிப் பெருக்கு, அவ்வளவுதானே. சரி, இந்தக் கணக்கு வரும்படி ஒரு சின்னக் கதை எழுதுங்கள் என்றேன்.

பாதிக்கு மேற்பட்டவர்கள் எழுதியது இது: "ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீரை இரண்டு பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு?" அதற்கு விடை மூன்றரை இல்லை, முக்காலே அரைக்கால், அதாவது எட்டில் ஏழு. அரையால் வகுப்பதையும் பாதியாக்குவதையும் கை ஒன்றாக எழுதிவிட்டது. யாரும் மட்டமான ஆசிரியர் இல்லை. எல்லோரும் கணக்கில் பட்டம் வாங்கியவர்கள். வகையீடு, தொகையீடு எல்லாம் தண்ணீர்பட்ட பாடு.

எழுதியிருக்க வேண்டிய கதை: அரை லிட்டர் பாத்திரம் ஒன்று இருக்கிறது, ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீரில் அதை எத்தனை முறை நிரப்பலாம்? மூன்று முறை முழுதாக, ஒரு முறை பாதி. மூன்றரை.

இதனால் என்ன என்று கேட்கலாம். ஒரு பிள்ளை எழுந்து "டீச்சர், வகுத்தால் குறையத்தானே வேண்டும், ஒன்றே முக்கால் எப்படி மூன்றரை ஆனது?" என்று கேட்கும். கதை தெரிந்த ஆசிரியர் பாத்திரத்தை எடுப்பார். தெரியாதவர் "விதி அப்படி, எழுதிக்கோ" என்பார். அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குத்தான் கணக்கு கசக்க ஆரம்பிக்கும்.

பாடம் தெரிவது ஒன்று, அந்தப் பாடத்தில் பிள்ளை எங்கே வழுக்கும் என்று தெரிவது இன்னொன்று. கல்லூரிப் பட்டம் முதலாவதைத் தருகிறது. இரண்டாவதை யார் தருவது? அதற்குத்தான் பயிற்சிப் பணம். ஆனால் நான் பார்த்த பயிற்சிகளில் அந்தப் பணம் போனது அரங்க வாடகைக்கும், பைக்கும், பேனாவுக்கும், கடைசியில் சான்றிதழுக்கும். பொது உளவியல் பேசுவார்கள். பின்னங்களைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

---

செலவுக்கணக்கு எழுதியது:

அம்மா, அருமை. இதற்கு ஒரு எண் சேர்க்கிறேன்.

ஆசிரியர் பயிற்சியால் மாணவர் மதிப்பெண் உயர்கிறதா என்று 2007இல் அமெரிக்காவில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. 1,300க்கு மேற்பட்ட ஆய்வுகளை எடுத்துச் சலித்ததில், நம்பும்படியான முறையில் செய்யப்பட்டவையாகத் தேறியவை ஒன்பது. அந்த ஒன்பதில், 14 மணி நேரத்துக்கு மேல் நீண்ட பயிற்சிகளே பலன் காட்டின. அதற்குக் குறைவானவற்றில் குறிப்பிடும்படி பலன் இல்லை.

கரும்பலகை மேடத்தின் பயிலரங்கு இரண்டு நாள். நாளுக்கு ஆறு மணி என்றால் 12. தேநீர் இடைவேளையையும் வரவேற்புரையையும் கழித்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதே ஆய்வை வைத்து 14 என்பதை மந்திர எண்ணாக்கக் கூடாது, தெரியும். ஆனால் திசை தெளிவு.

---

சாய்ந்த_கோபுரம் எழுதியது:

எனக்கு வேறு ஒரு சந்தேகம். எங்கள் பள்ளியில் இயற்பியலும் நடத்துபவர் உயிரியல் படித்தவர். நல்ல மனுஷி, கடும் உழைப்பாளி. மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது முடுக்கமும் சுழி என்று சொல்லிக்கொடுத்தார். திசைவேகம்தானே சுழி, புவியீர்ப்பு முடுக்கம் அங்கேயும் 9.8 அப்படியேதானே இருக்கும் என்று நான் சொன்னதும் முகம் வாடிவிட்டது. அன்று மாலையே வந்து, "எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை" என்றார்.

இவர் மாதிரி ஆட்களை என்ன செய்வது? புதியவர் வரும்வரை காத்திருப்பதா?

---

செலவுக்கணக்கு எழுதியது:

காத்திருக்க வேண்டாம். அயர்லாந்து செய்ததைப் பாருங்கள். 2009இல் அங்கே வெளியான ஓர் ஆய்வில், இடைநிலைப் பள்ளிகளில் கணிதம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர்களில் 48 சதவீதம் பேருக்கு அதற்கான கணிதத் தகுதி இல்லை என்று தெரிந்தது. கணிதப் பாடத்திட்டத்தையே மாற்றிக்கொண்டிருந்த நேரம் அது. 2012இல் லிமரிக் பல்கலைக்கழகத்தின் தலைமையில் இரண்டு ஆண்டுப் பகுதிநேரப் பட்டயப் படிப்பு ஆரம்பித்தார்கள். கட்டணத்தை அரசு ஏற்றது. ஆசிரியர் வேலையை விடாமல், சம்பளத்தை இழக்காமல் படித்தார். கணிதமும் உண்டு, அதைக் கற்பிக்கும் முறையும் உண்டு.

ஏற்கெனவே பள்ளியில் இருப்பவர், பிள்ளைகளைத் தெரிந்தவர், ஓடிப்போகாதவர் என்று நிரூபித்தவர். அவர்மேல் போடும் பணம் புதிதாக ஒருவரைத் தேடிப் பிடிப்பதைவிட வீணாகும் வாய்ப்பு குறைவு என்பது என் கணிப்பு. உங்கள் உயிரியல் டீச்சரைப் பற்றி நீங்கள் எழுதியதிலேயே அது தெரிகிறதே, அன்று மாலையே வந்து கேட்டார்.

---

முக்காலே_அரைக்கால் எழுதியது:

பந்து விஷயத்தில் அவரைப் பலர் முன்னால் திருத்தவில்லை என்று நம்புகிறேன், சாய்ந்த கோபுரம்.

---

சாய்ந்த_கோபுரம் எழுதியது:

தனியாகத்தான் அம்மா. எனக்கும் அந்த அளவு விவரம் உண்டு.

---

கரும்பலகை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு இரவு உட்கார்ந்து வரைவைக் கிழித்து மறுபடி எழுதினேன். குழுவில் வைப்பதற்கு முன் இங்கே வைக்கிறேன்.

உதவித்தொகை பத்தில் மூன்றாக இறங்குகிறது. நிபந்தனை, செலவுக்கணக்கு சொன்ன 1958 சட்டத்தின் பாணியில்: நடத்திய ஒவ்வோர் ஆண்டுக்கும் கால் பங்கு கழியும், வட்டி இல்லை. அதோடு, டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஆஸ்டினில் 1997இல் தொடங்கிய யூடீச் என்ற ஆசிரியப் பயிற்சித் திட்டத்தில் ஒரு யோசனை எனக்குப் பிடித்தது. அறிவியல் மாணவர்கள் முதல் பருவத்திலேயே உண்மையான வகுப்பில் சில பாடம் நடத்திப் பார்க்கிறார்கள், பிடிக்காதவர் அப்போதே விலகிக்கொள்ளலாம். அதேபோல் எங்கள் பணத்துக்கு விண்ணப்பிக்கும் முன் சில வாரம் வகுப்பில் நின்று பார்க்கச் சொல்லப்போகிறோம்.

நான்கு பங்கு, புதிய ஆசிரியரின் முதல் இரண்டு ஆண்டுக்கு. பாடவேளை குறையும், குறைந்த நேரத்தில் ஒரு மூத்த ஆசிரியர் அவரோடு உட்காருவார், அந்த மூத்தவருக்கும் அதற்குப் பணம் உண்டு. இங்கிலாந்தில் 2021 முதல் புதியவர்களுக்கு முதல் ஆண்டு 10 சதவீதம், இரண்டாம் ஆண்டு 5 சதவீதம் பாடவேளை குறைப்பு இருக்கிறது. நாங்கள் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கிறோம்.

இரண்டு பங்கு, வேறு பாடம் படித்துவிட்டு இயற்பியலோ கணிதமோ நடத்துபவர்களுக்கு ஓராண்டுப் பகுதிநேரப் படிப்பு. கடைசி ஒரு பங்கு ஆய்வக உதவியாளருக்கு. ஐந்திணை டீச்சருக்காக அதை வரைவில் முதலாவதாக எழுதியிருக்கிறேன்.

---

செலவுக்கணக்கு எழுதியது:

பழையதைவிடப் பல மடங்கு நல்லது. இரண்டு இடத்தில் மட்டும் கல் தட்டுகிறது.

ஒன்று, வழிகாட்டி இருந்தால் ஆசிரியர் விலகமாட்டார் என்று குழுவுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் இதைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள், முடிவு 2010இல் வந்தது. இரண்டு ஆண்டு முழு வழிகாட்டல் பெற்றவர்களின் மாணவர்கள் மூன்றாம் ஆண்டில் நன்றாகத் தேறினார்கள். ஆனால் ஆசிரியர்கள் பணியில் நின்ற அளவில் வேறுபாடு தெரியவில்லை. அதனால் "நன்றாக நடத்துவார்கள்" என்று சொல்லிப் பணம் கேளுங்கள், "நிற்பார்கள்" என்று சொல்லாதீர்கள்.

இரண்டு, பாடவேளையைக் குறைத்தால் அந்தப் பாடவேளையை யார் எடுப்பது? ஆள் இல்லாததால்தானே இத்தனை பேச்சும்?

---

முக்காலே_அரைக்கால் எழுதியது:

என்னைப் போல ஓய்வுபெற்றவர்கள் வாரத்துக்கு ஆறு பாடவேளை எடுப்போம். முப்பது கேட்டால் முடியாது, முட்டி ஒத்துழைக்காது. ஆறு என்றால் சந்தோஷமாக வருவோம். எல்லா இடத்திலும் ஆள் கிடைக்கும் என்று சொல்லவில்லை, கிடைக்கிற இடத்தில் ஆரம்பிக்கலாமே.

---

ஐந்திணை எழுதியது:

ஆய்வக உதவியாளரை முதலாவதாக எழுதியதற்கு நன்றி. பாடவேளைக் குறைப்பு புதிய மொழி ஆசிரியருக்கும் உண்டா என்று கேட்டால் சண்டை என்பீர்கள். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

---

கரும்பலகை எழுதியது:

டீச்சர், இந்தப் பணத்தில் இல்லை. அறக்கட்டளைப் பத்திரத்தில் பாடங்களின் பெயர் எழுதியிருக்கிறது, அதை என்னால் மாற்ற முடியாது. பக்கத்து நாற்காலிப் பிரச்சினை அங்கேயே இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

வழிகாட்டல் பற்றிய வரியைத் திருத்திவிட்டேன், செலவுக்கணக்கு.

பாதியில் விட்டவரே, குழுவில் ஒருவர் உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கேட்டார்: இந்தத் திட்டம் வந்தால் இவர் திரும்பி வருவாரா என்று.

---

பாதியில்_விட்டவன் எழுதியது:

வாரத்துக்கு எத்தனை பாடவேளை?

---

கரும்பலகை எழுதியது:

முதல் ஆண்டு 24. உதவியாளர் உண்டு.

---

பாதியில்_விட்டவன் எழுதியது:

அம்மீட்டர்?